மாநிலத்துக்கு முன்பே பிறந்த சங்கம்: அமெரிக்க வரலாற்றுச் சங்கங்கள் எதைச் சேர்க்கின்றன, எதைத் திருப்பித் தருகின்றன

விஸ்கான்சின் அமெரிக்காவின் முப்பதாவது மாநிலமானது 1848-ல். அதன் வரலாற்றுச் சங்கமோ 1846-லேயே மேடிசன் நகரில் கூடிவிட்டது. அண்டையிலுள்ள மின்னசோட்டாவில் கதை இன்னும் விசித்திரம். 1849-ல் அந்தப் பிரதேசத்தின் முதல் சட்டமன்றம் கூடியபோதே வரலாற்றுச் சங்கத்துக்குச் சாசனம் வழங்கிவிட்டது. மாநிலத் தகுதி வந்தது ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1858-ல். அப்போது அங்கே ரயில் பாதை கிடையாது. காடு வெட்டி, மரவீடு கட்டிக்கொண்டிருந்த ஜனங்கள், நேற்று வந்து இறங்கியவர்கள், தங்களுக்கு ஒரு வரலாற்றுச் சங்கம் வேண்டும் என்று தீர்மானித்தார்கள்.

இதில் தற்பெருமை இருந்தது. கிழக்கே இருந்து ஆட்களையும் முதலீட்டையும் இழுக்க வேண்டும் என்ற கணக்கும் இருந்தது. வரலாறு உள்ள ஊர் என்றால் நாலு பேர் நம்பி வருவார்கள். ஆனால் விளைவு அந்தக் கணக்கையெல்லாம் தாண்டிப் போய்விட்டது. பழம்பொருள் காப்பவை என்று நாம் நினைக்கும் இந்த மாநில வரலாற்றுச் சங்கங்கள் தங்கள் தலைசிறந்த வேலையைச் செய்திருப்பது, பொருள் இன்னும் பழசாகாத நேரத்தில்தான். அவை மிக மோசமாகத் தவறியதும் ஒரே இடத்தில்தான்: கையில் இருக்கும் பொருள் யாருடையது என்ற கேள்வியில். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அருங்காட்சியக வாசலில் டிக்கெட் வாங்கி உள்ளே போகிறவர் கண்ணில் படாத பெரும்பகுதி விளங்கும்.

அமெரிக்காவின் முதல் வரலாற்றுச் சங்கம் மாசசூசெட்ஸில் 1791-ல் தொடங்கியது. ஜெரமி பெல்க்னப் என்ற பாதிரியார் முன்னின்று நடத்தினார். அது வசதியும் படிப்பும் உள்ள கனவான்களின் தனியார் அமைப்பு. 1804-ல் நியூயார்க்கிலும் 1824-ல் பென்சில்வேனியாவிலும் எழுந்தவை அதே வார்ப்பில் வந்தவை: உறுப்பினர் சந்தா, பணக்காரர் நன்கொடை, நல்ல நூலகம். மேற்கே போகப் போக இந்த வழி செல்லுபடியாகவில்லை, ஏனென்றால் அங்கே அத்தனை பணக்காரர்கள் இல்லை. எனவே அரசிடம் கையேந்தினார்கள். விஸ்கான்சின் சட்டமன்றம் 1850-களின் நடுவிலேயே ஆண்டு மானியம் கொடுக்கத் தொடங்கியது. அரசுப் பணத்தில் வாழும், ஆனால் உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு என்ற புதிய வடிவம் அப்படித்தான் பிறந்தது.

இன்றும் இந்த வடிவங்கள் கலந்தே கிடக்கின்றன. மாசசூசெட்ஸ் சங்கம் தனியார் நிறுவனமாகவே தொடர்கிறது. வடக்கு டகோட்டாவிலும் கேன்சஸிலும் சங்கம் என்பது அரசுத் துறை. மின்னசோட்டாவிலும் ஒஹாயோவிலும் அது இலாப நோக்கற்ற தனி அமைப்பு. ஆனால் மாநிலத்தின் சார்பில் அருங்காட்சியகங்களையும் நினைவிடங்களையும் நடத்த அரசுப் பணம் பெறுகிறது. விஸ்கான்சின் சங்கம் ஒரே நேரத்தில் அரசு நிறுவனமாகவும் உறுப்பினர் அமைப்பாகவும் இருக்கிறது. நிர்வாக நுணுக்கம் போலத் தோன்றும் இந்த வேறுபாட்டில்தான் பிற்பாடு எல்லாச் சண்டையும் வருகிறது. பணம் கொடுப்பவர் கதையையும் தீர்மானிக்கலாமா என்பதே அந்தச் சண்டை.

சேர்த்தவர்கள்

விஸ்கான்சின் சங்கத்துக்கு உருவம் கொடுத்தவர் லைமன் டிரேப்பர். 1854-ல் அதன் செயலாளரானார். ஆள் ஐந்தடியை ஒட்டிய உயரம், உடல் பலவீனமானவர். ஆனால் அப்பலாச்சிய மலைத்தொடருக்கு மேற்கே குடியேறிய முதல் தலைமுறை செத்துக்கொண்டிருக்கிறது, அவர்களோடு நினைவுகளும் போய்விடும் என்ற பதைப்பு அவரை ஆட்டிப்படைத்தது. ஆயிரக்கணக்கான மைல் அலைந்து முதியவர்களைக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார், கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் வாங்கிவந்தார். இன்று அவர் தொகுப்பு ஏறத்தாழ ஐந்நூறு பெருந்தொகுதிகள். அமெரிக்க எல்லைப்புற வரலாற்றைப் பற்றி எழுதுகிற யாரும் அதைத் தொடாமல் போக முடியாது. எழுதுவேன் எழுதுவேன் என்று அவர் சொல்லிவந்த பெரும் வரலாற்று நூல்களில் பெரும்பாலானவை கடைசிவரை வரவில்லை. வாங்கிய காகிதங்களை அவர் திருப்பித் தரவில்லை என்ற குற்றச்சாட்டு தென் மாநிலங்களில் நெடுங்காலம் நிலவியது. சேகரிப்பவனின் பேராசையும் பேரருளும் ஒரே மனிதரிடம் குடியிருந்தன.

அவருக்குப் பின் 1887-ல் வந்த ரூபன் கோல்டு துவைட்ஸ் வேறு தினுசு. சேர்த்ததைப் பெட்டியில் பூட்டி வைப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. பிரெஞ்சு யேசு சபைப் பாதிரிமார்களின் அறிக்கைகளை 73 தொகுதிகளாகவும், அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் இருவரின் பயணக் குறிப்புகளை முழுமையாகவும் பதிப்பித்தார். பள்ளிப் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு வரவழைத்தார். 1900-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழக வளாகத்திலேயே சங்கத்துக்கு மாபெரும் கட்டடம் எழுந்தது. அந்தப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அமெரிக்க வரலாற்று நூலகம் இன்றும் அதுதான்.

கேன்சஸில் சங்கத்தைத் தொடங்கியது பத்திரிகைக்காரர்கள். 1875-ல் மாநிலப் பத்திரிகை ஆசிரியர்களும் வெளியீட்டாளர்களும் கூடி அமைத்தார்கள். ஒவ்வொருவரும் தம் பத்திரிகையின் பிரதியை அனுப்பிவைத்தால் போதும் என்பதே ஏற்பாடு. எளிய யோசனை, மலையளவு பலன். அந்த ஆண்டிலிருந்து மாநிலத்தில் வெளியான பத்திரிகைகளில் அநேகமாக எல்லாமே அங்கே இருக்கின்றன. இரண்டாயிரம் பேர் வாழ்ந்து, பிறகு ஆளில்லாமல் போன ஊரின் வாரப் பத்திரிகையும் இருக்கிறது. எந்தக் கடையில் மாவு என்ன விலை, யார் வீட்டில் குழந்தை பிறந்தது, எந்த ஆற்றில் வெள்ளம் வந்தது என்பதை வேறெங்கும் தேட முடியாது. பத்திரிகைத் தாள் அமிலத்தால் தானே பழுத்து நொறுங்கும் சாதி. அதனால் மைக்ரோபிலிம் எடுத்தார்கள், பின்னர் கணினிக்கு மாற்றினார்கள். விஸ்கான்சின் சங்கத்தின் பத்திரிகைத் தொகுப்பு நாட்டிலேயே அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்துக்கு அடுத்த பெரியது என்று மதிக்கப்படுகிறது. என்னைக் கேட்டால், எந்தப் போர்வீரனின் வாளையும் விட இந்தத் தாள்கள் பெறுமதியானவை. வாள் ஒருவனைப் பற்றிச் சொல்லும். வாரப் பத்திரிகை ஊரையே பேச வைக்கும்.

நெப்ராஸ்கா சங்கத்தில் சாலமன் புட்ச்சர் எடுத்த கண்ணாடித் தகட்டுப் புகைப்படங்கள் இருக்கின்றன. 1886 முதல் கஸ்டர் கவுண்டியில் வண்டி கட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய், புல்லோடு வெட்டிய மண்கட்டிகளால் கட்டிய வீடுகளின் முன்னால் குடும்பங்களை நிறுத்திப் படமெடுத்தார். மரமே இல்லாத புல்வெளியில் கிடைத்த கட்டுமானப் பொருள் அந்த மண்தான். ஒரு படத்தில் குடும்பம் மண்வீட்டின் பக்கமே நிற்கவில்லை. திறந்த வெளியில், மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து அதைச் சுற்றி நிற்கிறார்கள், பின்னால் கால்நடைகள். கிழக்கே இருக்கும் உறவினர்களுக்குத் தாங்கள் மண்வீட்டில் வாழ்வது தெரிய வேண்டாம், ஆர்மோனியம் வைத்திருப்பது தெரியட்டும் என்று அந்த வீட்டு அம்மாள் நினைத்தாராம். பல பத்தாண்டுகள் கழித்து அந்தத் தொகுப்பின் தகடுகளை உயர்தரத்தில் கணினிக்கு ஏற்றியபோது, அதுவரை கறுப்பாக மட்டும் தெரிந்த கதவுத் துவாரங்களுக்குள் வீட்டின் உட்புறம் தெரியவந்தது. மூல தகட்டைக் காப்பாற்றி வைத்திராவிட்டால் அது நடந்திருக்காது.

மிசிசிப்பியின் காகிதங்கள் மேடிசனில்

பழசாகும் முன்பே சேர்ப்பது என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று எனக்குத் தெரியாது. 1964 கோடையில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவுசெய்ய வட மாநில மாணவர்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். சுதந்திரக் கோடை என்று பெயர்பெற்ற அந்த நாட்களில் தொண்டர்கள் மூவர் கொல்லப்பட்டார்கள்; தேவாலயங்கள் எரிக்கப்பட்டன. இயக்க அலுவலகங்களில் இருந்த துண்டறிக்கைகள், கடிதங்கள், கூட்டக் குறிப்புகள் எந்த நேரமும் நெருப்புக்கோ போலீஸ் சோதனைக்கோ இரையாகலாம் என்ற நிலை. அந்த ஆண்டுகளிலேயே விஸ்கான்சின் சங்கம் பட்டப்படிப்பு மாணவர்களை ஆவணம் திரட்டத் தெற்கே அனுப்பியது. காங்கிரஸ் ஆப் ரேசியல் ஈக்வாலிட்டி என்ற இனச் சமத்துவ இயக்கம் போன்ற அமைப்புகளின் கோப்புகள் மேடிசன் வந்து சேர்ந்தன. நடந்து ஓராண்டுகூட ஆகாத போராட்டத்தின் காகிதங்களை வரலாற்று ஆவணம் என்று மதித்த கண் அது. இன்று பல்லாயிரம் பக்கங்கள் இணையத்தில் யாரும் படிக்கலாம்.

மறுபக்கத்தில் மிசிசிப்பி அரசு தன் குடிமக்களை வேவு பார்க்க 1956-ல் ஓர் ஆணையம் அமைத்திருந்தது. மாநில இறையாண்மை ஆணையம் என்று பெயர். அதை மூடியபோது, கோப்புகளை 2027 வரை யாரும் பார்க்கக் கூடாது என்று சட்டமன்றம் பூட்டு போட்டது. வழக்கு இருபது ஆண்டுகள் நடந்தது. நீதிமன்ற உத்தரவுப்படி 1998-ல் கோப்புகள் திறந்தன. அவற்றைக் காத்து வைத்திருந்ததும், பொதுமக்களுக்குத் திறந்துவிட்டதும் அதே மாநிலத்தின் ஆவண, வரலாற்றுத் துறை. 2017 டிசம்பரில் ஜாக்சன் நகரில் மிசிசிப்பி குடிசார் உரிமைகள் அருங்காட்சியகத்தைத் திறந்ததும் அந்தத் துறையே. ஒரு கோப்பை அழிக்காமல் வைத்திருந்தால், அதை எழுதியவர்களுக்கு எதிராகவே அது ஒருநாள் சாட்சி சொல்லும். பூட்டி வைத்தாலும் பரவாயில்லை, எரிக்காமல் இருந்தார்களே என்று நினைக்கத் தோன்றுகிறது.

கிடங்கும் தொட்டியும்

அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பது சங்கத்தின் கைவசம் உள்ளதில் மிகச் சிறு பங்கு. மீதி கிடங்கில். வெப்பமும் ஈரப்பதமும் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்வது, அமிலமற்ற அட்டைப் பெட்டிகளில் வைப்பது, துணிகளுக்கு வெளிச்சம் படாமல் மூடுவது, அந்துப்பூச்சிக்குப் பொறி வைத்து வாராவாரம் எண்ணுவது என்று சலிப்பூட்டும் வேலைகள்தான் அங்கே அன்றாடம். விஸ்கான்சினில் 2018-ல் இதற்கென்றே புதிய பாதுகாப்பகம் திறந்தார்கள்.

ஒரு பொருள் உள்ளே வருவதற்குக் கொடைப் பத்திரம் வேண்டும். கொடுப்பவருக்கு அது உண்மையில் சொந்தமா, பதிப்புரிமை யாரிடம், நிபந்தனை ஏதும் உண்டா என்று எழுதிக் கையெழுத்தாகும். பிறகு பதிவெண். எண் இல்லாத பொருளுக்கு அங்கே பெயரும் இல்லை, கதையும் இல்லை. பாட்டியின் ராட்டையையோ தையல் இயந்திரத்தையோ ஆசையோடு கொண்டுவருபவர்களிடம் காப்பாளர்கள் பல நேரம் மறுத்துவிடுகிறார்கள். மனம் நோகத்தான் செய்யும். அதே மாதிரி இயந்திரம் ஏற்கெனவே பல இருக்கும்போது இன்னொன்றை ஏற்பது, அதைக் கடைசிவரை பேணும் செலவை ஏற்பதாகும். ஆனால் அதே பாட்டி தைத்த துணிகளுக்குக் கூலி எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் இருந்தால் இரு கை நீட்டி வாங்குவார்கள்.

சில பொருட்களுக்கு எந்தக் கொடைப் பத்திரமும் கிடையாது, ஏரியே கொடுக்கிறது. 2021 ஜூனில் விஸ்கான்சின் சங்கத்தின் நீரடித் தொல்லியலாளர் ஒருவர் விடுமுறை நேரத்தில் மேடிசனை ஒட்டிய மெண்டோட்டா ஏரியில் முக்குளித்துக்கொண்டிருந்தார். சுமார் 27 அடி ஆழத்தில் சேற்றிலிருந்து ஒரு மரத்துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. கரிமக் கணிப்பில் அது 1,200 ஆண்டுப் பழமையான, ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த ஓடம் என்று தெரிந்தது. நீளம் 15 அடி. அதற்குள் விளிம்பில் வெட்டுப் போட்ட தட்டைக் கற்கள் கிடந்தன: வலையை நீருக்குள் அமிழ்த்தக் கட்டும் கற்கள். அந்த ஓடத்தில் வந்தவர் மீன் பிடிக்கத்தான் வந்திருக்கிறார். நவம்பரில் கரையேற்றினார்கள். மறு ஆண்டு செப்டம்பரில் அதே ஏரியிலிருந்து இரண்டாவது ஓடம் வந்தது. வெள்ளை ஓக் மரம், வயது மூவாயிரம்.

ஓடத்தை வெளியே எடுத்ததோடு வேலை முடியாது. உண்மையில் அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. நூற்றாண்டுகளாக நீரில் ஊறிய மரத்தில் செல்சுவர்கள் கரைந்துபோயிருக்கும். உருவத்தைத் தாங்கி நிற்பது உள்ளே நிரம்பிய நீர் மட்டும்தான். காற்றில் உலர விட்டால் சில நாட்களில் சுருங்கிப் பிளந்து விறகாகிவிடும். எனவே தண்ணீர்த் தொட்டியில் கிடத்தி, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளைச் சிறிது சிறிதாகச் சேர்க்கிறார்கள். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அது நீரின் இடத்தைப் பிடித்துச் செல்களை நிரப்பும். எஞ்சிய நீரை உறைய வைத்து ஆவியாக்கி எடுக்கும் கட்டம் அதற்குப் பிறகு. இந்த வேலை முழுவதிலும் அமெரிக்கப் பூர்வகுடிகளான ஹோ-சங்க் தேசத்தாரும் பேட் ரிவர் ஓஜிப்வே குலத்தாரும் உடனிருந்தார்கள், ஏனென்றால் அது அவர்கள் முன்னோர் செய்த ஓடம். ஒரு நூற்றாண்டுக்கு முன் எடுத்திருந்தால் அவர்களை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

இடங்களே அருங்காட்சியகமாகும்போது

சங்கங்கள் நடத்தும் அருங்காட்சியகங்கள் பல, பொருட்களை வரிசையாக வைத்த மண்டபங்கள் அல்ல; சம்பவம் நடந்த இடங்கள். மினியாபொலிஸில் வாஷ்பர்ன் ஏ மாவு ஆலை 1878-ல் மாவுத்தூசு தீப்பிடித்து வெடித்தது. பதினெட்டுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். மீண்டும் கட்டிய ஆலை ஒருகாலத்தில் நாளொன்றுக்கு ஒரு கோடியே இருபது லட்சம் ரொட்டிக்குப் போதுமான மாவு அரைத்தது. பின்னர் மூடப்பட்டு, 1991-ல் எரிந்தது. கருகிய சுவர்களை இடிக்காமல், அவற்றுக்குள்ளேயே 2003-ல் மின்னசோட்டா சங்கம் அருங்காட்சியகம் அமைத்தது. சரக்கு மின்தூக்கியில் பார்வையாளர்களை உட்காரவைத்து மாடி மாடியாக ஏற்றி, அங்கே வேலை செய்தவர்களின் குரலைக் கேட்கச் செய்கிறார்கள். சுப்பீரியர் ஏரியோரம் அதே சங்கம் பராமரிக்கும் ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கம் 1969-ல் பணி ஓய்வு பெற்றது. ஆண்டுதோறும் நவம்பர் 10-ம் தேதி அதை ஏற்றுகிறார்கள்; 1975-ல் அதே நாளில் 29 பேரோடு மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு கப்பலின் நினைவாக.

விஸ்கான்சினில் ஓல்டு வேர்ல்டு விஸ்கான்சின் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் 1976-ல் திறந்தது. நார்வே, ஜெர்மனி, பின்லாந்து முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் கட்டிய வீடுகளை மாநிலமெங்கும் தேடி, மரம் மரமாக எண் போட்டுக் கழற்றிக் கொண்டுவந்து மறுபடி கோத்திருக்கிறார்கள். வடக்கு டகோட்டா சங்கத்திடமோ அணு ஏவுகணைக் கட்டுப்பாட்டு நிலையமே இருக்கிறது. கூப்பர்ஸ்டவுன் அருகே, கோதுமை வயல்களுக்குக் கீழே சுமார் ஐம்பது அடி ஆழத்தில், இரண்டு விமானப்படை அதிகாரிகள் இருபத்து நான்கு மணி நேர முறை வைத்துக் காத்திருந்த அறை. 1990-களில் செயலிழந்தது, 2009-ல் மக்கள் பார்வைக்கு வந்தது. குடியேறிகளின் கலப்பைக்கு அடுத்தபடியாக இதையும் தன் மாநில மரபு என்று அச்சங்கம் ஏற்றது நேர்மையான முடிவு.

1966-ல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு சங்கங்களின் கைக்கு இன்னொரு பொறுப்பும் வந்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் பாதுகாப்பு அலுவலகம் ஒன்று உண்டு. பல மாநிலங்களில் அது சங்கத்தோடு இணைந்தே இருக்கிறது. மத்திய அரசின் பணத்திலோ அனுமதியிலோ நெடுஞ்சாலையோ பாலமோ வருகிறதென்றால், அது எந்த மரபுச் சின்னத்தைப் பாதிக்கும் என்று அந்த அலுவலகம் பார்க்க வேண்டும். தடுக்கும் அதிகாரம் இல்லை. கேட்காமல் செய்யக் கூடாது என்பது மட்டுமே சட்டம். அதுவே பல இடங்களில் போதுமானதாக இருந்திருக்கிறது.

பணத்துக்கு ஒவ்வொரு மாநிலமும் ஒரு வழி கண்டது. மின்னசோட்டா வாக்காளர்கள் 2008-ல் விற்பனை வரியைச் சற்றே உயர்த்திக்கொள்ளத் தாமே சம்மதித்து, அதில் ஒரு பகுதியைக் கலைக்கும் மரபுக்கும் ஒதுக்கினார்கள். கொலராடோவில் 1990-ல் மூன்று பழைய சுரங்க ஊர்களில் சூதாட்டத்தை அனுமதித்து, அந்த வரியில் 28 சதவீதத்தை வரலாற்று நிதிக்குத் திருப்பினார்கள். ஆனால் அரசுப் பணத்துக்குப் பின்னால் அரசியல் வராமலிருக்காது. மிசிசிப்பி நதியும் மின்னசோட்டா நதியும் கூடும் இடத்தில் ஃபோர்ட் ஸ்னெல்லிங் என்ற ராணுவக் கோட்டை இருக்கிறது. டகோட்டா என்ற பூர்வகுடி மக்களுக்கு அது ப்டோட்டே என்ற புனித இடம். பெயர்ப்பலகையில் அந்தப் பெயரையும் சேர்த்ததற்காக, 2019-ல் மாநில செனட் சங்கத்தின் நிதியில் ஆண்டுக்கு 40 லட்சம் டாலர் வெட்ட வாக்களித்தது. இறுதி வரவுசெலவுத் திட்டத்தில் அந்த வெட்டு நிற்கவில்லை.

திருப்பித் தருதல்

அந்தப் பெயர்ப்பலகைக்கு ஏன் இத்தனை கோபம்? அமெரிக்கப் படைக்கும் டகோட்டா மக்களுக்கும் நடந்த 1862 போருக்குப் பிறகு டகோட்டாப் பெண்கள், குழந்தைகள், முதியோர் என்று சுமார் 1,600 பேரை அந்தக் கோட்டையின் கீழேதான் குளிர்காலம் முழுக்க அடைத்து வைத்திருந்தார்கள். டிசம்பர் 26 அன்று மன்காட்டோவில் 38 டகோட்டா ஆண்கள் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். குடியேறிகள் லிட்டில் குரோ என்று அழைத்த தலைவர் தாவோயாத்தேதூத்தா தப்பினார். 1863 ஜூலையில் மகனோடு காட்டுப் பழம் பறித்துக்கொண்டிருந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய மண்டையோடும் தலைத்தோலும் கை எலும்புகளும் மின்னசோட்டா வரலாற்றுச் சங்கத்துக்கு வந்து சேர்ந்தன. சங்கம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. குடும்பத்தார் வேண்டுகோளுக்குப் பின் 1915-ல் காட்சியிலிருந்து எடுத்தார்கள். ஆனால் அந்த எச்சங்கள் மண்ணுக்குப் போனது 1971-ல்தான், தெற்கு டகோட்டாவில் பேரன் அடக்கம் செய்தபோது. ஐம்பத்தாறு ஆண்டுகள் ஒரு மனிதரின் எலும்பு பதிவெண்ணோடு கிடங்கில் இருந்தது. நான் மேலே வியந்த அதே பேணும் பழக்கம், அதே ஒழுங்கு, இங்கே கொடுமைக்குத் துணைபோனது.

1990-ல் அமெரிக்கப் பூர்வகுடிகளின் கல்லறைகளைப் பாதுகாத்து எச்சங்களைத் திருப்பியளிக்கும் சட்டம் வந்தது. மத்திய நிதி பெறும் எந்த அருங்காட்சியகமும் தன்னிடமுள்ள மனித எச்சங்களையும் புனிதப் பொருட்களையும் பட்டியலிட்டு உரிய குலத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். எந்தக் குலத்துடையது என்று அடையாளம் தெரியவில்லை என்று சொல்லியே பல நிறுவனங்கள் முப்பது ஆண்டுகளை ஓட்டிவிட்டன. 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் அந்தச் சாக்கைக் குறுக்கின; குலத்தார் சம்மதம் இல்லாமல் காட்சிக்கு வைக்கவே கூடாது என்றும் சொல்லின. கொலராடோ சங்கம் இந்தப் பாடத்தைப் புதிய விதிகள் வரும் முன்பே வேதனையோடு கற்றது. 1864-ல் சேண்ட் கிரீக்கில் செயென், அரபஹோ பூர்வகுடிகளின் முகாமைக் குதிரைப்படை தாக்கி அழித்ததைப் பற்றி 2012-ல் அது வைத்த கண்காட்சியை, தங்களைக் கலந்து பேசவில்லை என்று அந்த மக்கள் எதிர்த்தார்கள். மூட வேண்டியதாயிற்று. பத்து ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பரில், அவர்களோடு சேர்ந்து உருவாக்கிய கண்காட்சி திறந்தது. மின்னசோட்டா சங்கமும் 2021-ல், 1862 போர் தொடங்கிய லோயர் சூ ஏஜென்சி நிலத்தில் நூறு ஏக்கருக்கு மேல் டகோட்டாச் சமூகத்திடமே ஒப்படைத்தது.

ஒஹாயோ கதை இதில் எல்லாவற்றையும் விட நீளம். நியூவர்க் நகரில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பூர்வகுடிகள் கூடையில் மண் சுமந்து எழுப்பிய எண்கோண மண்மேடு இருக்கிறது. ஐம்பது ஏக்கர் எண்கோணம், அதோடு இணைந்த இருபது ஏக்கர் வட்டம். நிலவு அடிவானத்தில் உதிக்கும் இடம் 18.6 ஆண்டுச் சுழற்சியில் வடக்கும் தெற்குமாக நகர்கிறது. அந்தச் சுழற்சியின் எல்லைப் புள்ளிகளோடு மண்மேட்டின் கோடுகள் பொருந்துகின்றன. 1982-ல் எர்ல்ஹாம் கல்லூரிப் பேராசிரியர்கள் இருவர் இதை அளந்து வெளியிட்டார்கள். இத்தனை பெருமையுள்ள இடத்தில் 1910 முதல் கோல்ஃப் கிளப் நடந்துவந்தது. 1933-ல் நிலம் ஒஹாயோ சங்கத்துக்கு வந்தபோது குத்தகையும் கூடவே வந்தது. சங்கம் அதை ரத்துசெய்யாதது மட்டுமல்ல, 2078 வரை நீட்டியும் கொடுத்தது. பொதுமக்கள் முழுமையாகச் சுற்றிவர ஆண்டில் நான்கு நாட்கள்தான். காக்க வேண்டிய அமைப்பே வாடகை வாங்கிக்கொண்டு வாசலைச் சாத்தியிருந்தது என்பதை மென்மையாகச் சொல்ல வழியில்லை.

பின்னர் அதே சங்கம் 2018-ல் வழக்குத் தொடுத்தது, குத்தகையைக் கையகப்படுத்தும் அதிகாரம் தனக்கு உண்டென்று. 2022 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதன் பக்கம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ அந்த மண்மேடுகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இழப்பீட்டுத் தகராறு 2024-ல் சமரசமாக, 2025 ஜனவரி 1-ம் தேதி எண்கோணம் முழுமையாகத் திறந்தது.

இன்று சங்கங்கள் எதைச் சேர்க்கின்றன என்று பார்த்தால், டிரேப்பரின் பதைப்பு வேறு வடிவில் தொடர்கிறது. மின்னசோட்டாவின் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பில் லாவோஸிலிருந்து வந்த ஹ்மாங் மக்களின் நேர்காணல்கள் இருக்கின்றன. இந்தியாவிலிருந்து குடியேறியவர்களின் குரல்களும் இருக்கின்றன. அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் அமைப்புகளுக்கும் இது நேரடியாகப் பொருந்தும். காப்பாளர்கள் கேட்பது நகையையோ சிலையையோ அல்ல. சங்கக் கூட்டக் குறிப்பேடு, பொங்கல் விழா அழைப்பிதழ், முதல் மளிகைக் கடையின் கணக்குப் புத்தகம், ஊருக்கும் இங்குமாகப் போன கடிதங்கள், பின்பக்கம் பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதிய புகைப்படங்கள். கைப்பேசியில் மட்டும் இருக்கும் படங்களையும் மின்னஞ்சல்களையும் எந்தக் கோப்பு வடிவில் ஏற்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கொடைப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் இன்னும் மூன்றைக் கேட்பது நல்லது: பதிப்புரிமை யாரிடம் இருக்கும், தனிப்பட்ட விவரமுள்ள பக்கங்களைச் சில காலம் மூடி வைக்க வழியுண்டா, பின்னாளில் சேகரிப்பிலிருந்து நீக்கினால் குடும்பத்துக்குத் திருப்பித் தருவார்களா.